நெடுந்தீவில் இறந்து கிடந்த குதிரைக்குட்டி எதனால் செத்திருக்கும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு நெடுந்தீவுக்கு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் குதிரைகள் தன்னிச்சையாகத் திரியும் அந்தத் தீவுக்கு, போயிருக்கிறீர்கள். வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்துக்குப் பக்கத்தில் குதிரைக்குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. தாய்க்குதிரை விட்டுப் போகாமல் நின்றது. ஓட்டோக்காரத் தம்பி "ஆண்குதிரை மிதிச்சுப் போட்டுது" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் கையில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இது ஆண்டுதோறும் நடப்பதுதானா, யாரும் கவனிப்பதில்லையா, ஒரு நாள் முன்னால் போயிருந்தால் அந்தப் போத்தல் தண்ணீரால் குட்டியைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி மூன்று என்றாலும் முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்தக் குட்டி எதனால் செத்தது? நான் பேராதனையில் படித்த மிருக வைத்தியன். தீவுப்பகுதியில் பார்த்தது பெரும்பாலும் மாடும் ஆடும். நெடுந்தீவுக் குதிரைகளை உயிரோடு தூரத்திலிருந்தும், செத்த பிறகு கிட்டப்போயும் பார்த்திருக்கிறேன். அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நீங்கள் போட்ட படங்களில் ஒன்று நிறையச் சொல்கிறது. குட்டியின் வாய் சற்றுத் திறந்திருக்கிறது. மேல் முரசில் (ஈறில்) நடுவில் இரண்டு பற்கள் தெரிகின்றன, அவற்றுக்கு இரு பக்கமும் வெறும் முரசு. குதிரைக்குட்டிக்கு முன்பற்கள் ஒரு ஒழுங்கில் வரும். நடு இரண்டும் பிறந்து ஒரு வாரத்துக்குள், அடுத்த சோடி 6 முதல் 8 கிழமைக்குள், கடைசிச் சோடி 6 முதல் 8 மாதத்துக்குள். எனவே இந்தக் குட்டிக்கு வயது ஒரு கிழமைக்குக் குறையாது, இரண்டு மாதத்துக்கும் மேல் போகாது. குளம்பையும் பாருங்கள். பிறக்கும்போது குதிரைக்குட்டியின் குளம்பு நுனியில் மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் மெத்தென்று விரல் விரலாக ஒரு சதை மூடியிருக்கும். தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் காப்பது அதன் வேலை. குட்டி எழுந்து நடக்கத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் தேய்ந்து போய்விடும். செத்த குட்டியில் அது அப்படியே இருந்தால், அந்தக் குட்டி நடக்கவே இல்லை என்று பொருள். உங்கள் படத்தில் குளம்பு சுத்தமாக, ஓரம் தேய்ந்து இருக்கிறது. தொப்புளும் காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஆக, பிறப்பில் கோளாறு இல்லை. எழுந்தது, குடித்தது, ஒரு கிழமையாவது தாயோடு ஓடித் திரிந்தது. இவ்வளவும் உறுதி.

பிறப்பை ஆபத்தான கட்டம் என்று எல்லோரும் நினைப்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்தால் 20, 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிடும், மாடு போல மணிக்கணக்கில் முக்குவது கிடையாது. பிறகு ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மடியைக் கண்டுபிடித்துக் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழ வேண்டும். குட்டி குறுக்கே கிடந்தாலோ கால் மடங்கியிருந்தாலோ தாயும் குட்டியும் இரண்டும் போகும், அதுவும் வேகமாக. ஆனால் தானாக இனம்பெருகும் சிறிய குதிரைகளில் இது அரிது. (ஊரில் மாட்டின் இளங்கொடியை ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். குதிரையினுடையது விழுந்த இடத்திலேயே காகத்துக்கும் நாய்க்கும் போகிறது. குட்டி ஈன்ற இடத்தை அடுத்த நாள் கண்டுபிடிக்க எனக்கு உதவியது பெரும்பாலும் காகக் கூட்டம்தான்.)

அதற்கடுத்த ஒரு நாள்தான் உண்மையில் இறுக்கமானது. குதிரையின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போகாது. எல்லாம் சீம்பாலில்தான் வரவேண்டும், நாம் கடும்பு காய்ச்சும் அந்த முதல் பாலில். குட்டியின் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம். ஒரு நாள் கடந்தால் கதவு அடைத்துவிடும். பிந்திக் குடித்த குட்டி அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தொப்புள் வழியாகவோ குடல் வழியாகவோ கிருமி ஏறி, மூட்டு வீங்கி, படுத்துவிடும். அந்தக் கண்டத்தையும் உங்கள் குட்டி தாண்டியிருக்கிறது.

இனி அந்தத் தம்பி சொன்னது. ஆண்குதிரை குட்டியைக் கொல்வது உலகில் பதிவாகாத விஷயம் அல்ல. ஒரு கூட்டத்தைப் புதிதாகப் பிடித்த ஆண்குதிரை, தனக்குப் பிறக்காத குட்டியைக் கடித்துத் தூக்கி எறிவது அடைப்புகளில் வளர்க்கும் குதிரைகளிலும், மங்கோலியக் காட்டுக்குதிரைகளிலும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் தன்னிச்சையாகத் திரியும் கூட்டங்களில் அது எப்போதாவது நடப்பதுதான். அப்படி நடந்தால் பிடரியிலும் முதுகிலும் கடிகாயம் இருக்கும், விலா உடைந்திருக்கும். உங்கள் படத்தில் தெரியும் பக்கத்தில் கண்ணையும் பின்புறத்தையும் தவிரக் காயம் இல்லை, அந்த இரண்டும் செத்த பிறகு காகம் கொத்துகிற இடங்கள். மறுபக்கம் படத்தில் இல்லை, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். என்றாலும் நெடுந்தீவில் குட்டி செத்தால் ஆண்குதிரை மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. சண்டை எல்லோர் கண்ணிலும் படும், மெலிவு யார் கண்ணிலும் படாது என்பதுதான் காரணம்.

படத்தில் எனக்குப் பட்டது மெலிவு. குட்டியின் விலா எண்ணலாம் போலிருக்கிறது. அதைவிட முக்கியமாகத் தாயின் இடுப்பெலும்பு துருத்தி நிற்கிறது, மடி சப்பையாக இருக்கிறது. குட்டிக்கு நோய் வந்து குடிக்காமல் விட்டிருந்தால் மடி கட்டி, காம்பில் பால் சொட்டும், குட்டியின் நெற்றியில் பால் வடிந்து காய்ந்திருக்கும். மடியின் கீழ் நிற்கிறது, ஆனால் உறிஞ்சவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இங்கே மடியில் பாலே இல்லை. குட்டி செத்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால் மடி வற்றத் தொடங்கியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த வெய்யிலில் இரண்டு நாள் கிடந்த உடல் ஊதியிருக்கும், இது ஊதவில்லை. அதனால் பால் வற்றியே குட்டி போனது என்பது என் ஊகம். வயிற்றோட்டமோ சளிச்சுரமோ கடைசி அடியைக் கொடுத்திருக்கலாம். வெட்டிப் பார்க்காமல் அதை யாரும் சொல்ல முடியாது.

பால் ஏன் வற்றியது என்றால் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். குதிரைக்குச் சினை சுமார் 11 மாதம், நாட்கணக்கில் 340 என்று வைக்கலாம். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில் நடக்கிறது. ஈன்ற பிறகு பால் உச்சத்துக்கு வருவது முதல் இரண்டு மாதத்தில். இந்த ஐந்து மாதம் ஆண்டின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதுதான் குட்டியின் தலைவிதி. நெடுந்தீவில் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். தை, மாசியில் புல் நிற்கும். சித்திரைக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் புரட்டாதி வரை நிலம் காய்ந்துகொண்டே போகும். கார்த்திகையில் பிறந்த குட்டிக்குத் தாயின் பால் உச்சமும் புல்லின் உச்சமும் ஒன்றாக வருகின்றன, கோடை வரும்போது அது தானே மேயும். ஆடியில் பிறந்த குட்டிக்கு எல்லாம் தலைகீழ். தாய் சினையின் கடைசி மாதங்களைக் காய்ந்த புல்லில் கழித்து, ஏற்கெனவே மெலிந்த உடம்போடு, குளம் வற்றும் மாதத்தில் பால் கொடுக்க வேண்டும். உங்கள் குட்டி இந்த இரண்டாவது வகை. வயதுக் கணக்குப்படி ஆனிப் பிற்பகுதிக்கும் ஆவணித் தொடக்கத்துக்கும் இடையில் பிறந்தது.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். ஒரு பெட்டைக் குதிரை 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், சாதாரண நாளில் அதற்கு 10 லீற்றர் அளவு தண்ணீர் போதும். பால் கொடுக்கும்போது உடல் எடையில் 100க்கு 2, 3 பங்கு பாலாக வெளியே போகிறது, அதாவது நாளுக்கு 4 முதல் 6 லீற்றர். பாலில் 10க்கு 9 பங்கு தண்ணீர். மேலே வெய்யில், மரநிழல் இல்லாத வெளி, சோளகக் காற்று. தேவை இரண்டு மடங்காகிவிடும். அந்த நேரத்தில்தான் குளமும் துரவும் வற்றுகின்றன. தீவு முழுவதும் சுண்ணாம்புக்கல். நிலத்தடியில் உவர்நீரின் மேல் மழைநீர் மெல்லியதாகத் தங்கி நிற்கிறது, அது குறையக் குறையக் கிணறு உவர்க்கிறது. உவர்த் தண்ணீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற இன்னும் தண்ணீர் வேண்டும். இதற்கிடையில் மாடும் ஆடும் அதே தண்ணீருக்கு வருகின்றன. குதிரைக் கூட்டங்களுக்குள்ளேயே வலிய ஆண்குதிரையின் கூட்டம் குடித்து முடியும் வரை மற்றவை தள்ளி நிற்கும். சிறு குட்டியோடு நிற்கும் தாய் நெரிசலுக்குள் போகாது, கடைசியில் வரும். கடைசியில் மிஞ்சுவது சேறு. மெலிந்த விலங்கு சேற்றில் இறங்கினால் ஏறி வருவது சந்தேகம்.

அப்படியானால் கெட்ட மாதத்தில் ஏன் குட்டி போடுகின்றன என்ற கேள்வி நியாயமானது. குதிரை பகல் நீளும்போது பருவத்துக்கு வரும் விலங்கு. லண்டனில் மார்கழிப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, ஆனிப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். அங்கே குதிரைக்கு இளவேனிலில்தான் குட்டி பிறக்கும், தவறுவது அரிது. யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும்தான் வித்தியாசம். அந்தக் கடிவாளம் இங்கே தளர்ந்துவிடுகிறது, ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி பிறக்கலாம். போதாததற்கு, ஈன்று 10 நாள் அளவிலேயே தாய் மறுபடி பருவத்துக்கு வரும். அப்போது சினைப்பட்டால் அடுத்த குட்டி ஏறக்குறைய அதே நாட்களில், இரண்டு கிழமை முந்தி வந்து நிற்கும். ஆக, ஆவணியில் ஈனும் பெட்டை ஆண்டுக்காண்டு அந்த வறட்சிக்குள்ளேயே ஈன்றுகொண்டிருக்கக்கூடும். காலில் ஒரு குட்டி, வயிற்றில் ஒரு குட்டி, புல் இல்லை. கோடையில் செத்துக் கிடக்கும் பெரிய குதிரைகளிலும் நான் முதலில் மடியைத்தான் பார்ப்பேன்.

ஆண்டுக்கு எத்தனை குட்டி பிறந்து எத்தனை சாகிறது என்ற எண்ணைக் கேட்காதீர்கள். நெடுந்தீவில் குதிரை எத்தனை என்பதிலேயே சில நூறு முதல் ஆயிரம் வரை ஆளுக்கொரு கணக்கு. குதிரைகளைத் தனித்தனியாக அடையாளம் வைத்து, மாதாமாதம் குறித்து வந்தால்தான் பிழைக்கும் விகிதம் என்ற ஒன்றைச் சொல்ல முடியும். அது இல்லாமல் வரும் எந்த விகிதத்தையும் நம்ப வேண்டாம், என்னிடமிருந்து வந்தாலும்.

சரி, போத்தல் தண்ணீர். மகளிடம் சொல்லுங்கள், அதனால் அந்தக் குட்டி பிழைத்திருக்காது. அந்த வயதில் குதிரைக்குட்டி தண்ணீர் குடிப்பதே அரிது, பால்தான் அதன் தண்ணீர். தண்ணீர் வேண்டியது தாய்க்கு, அதுவும் ஒரு போத்தல் அல்ல, வாளிக் கணக்கில், தினமும், பல கிழமை முன்பிருந்தே. படுத்துக் கிடக்கும் குட்டியின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய், பிழைக்க இருந்ததும் பிழைக்காமல் போகும். பசுப்பாலும் அப்படியே கொடுக்கக் கூடாது. குதிரைப்பாலில் கொழுப்பு பசுப்பாலில் உள்ளதன் பாதி அளவுதான், இனிப்பு அதைவிடக் கூட. மாற்றிக் கொடுத்தால் வயிற்றோட்டம். தாயில்லாக் குட்டியை வளர்ப்பது இரவும் பகலும் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கும் வேலை. அப்படி மனிதக் கையில் வளர்ந்த குட்டி திரும்பக் கூட்டத்தில் சேர்வதும் கடினம்.

இன்னொன்று, குட்டி நீட்டி நிமிர்ந்து கிடந்தால் உடனே செத்துவிட்டது என்று ஓடாதீர்கள். சின்னக் குட்டிகள் பகலில் பாதி நேரம் தூங்கும், பக்கவாட்டில் கால் நீட்டி, ஈ மொய்த்தாலும் அசையாமல். தாய் அருகில் மேய்ந்துகொண்டிருந்தால் பயம் இல்லை. தாய் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாமல் குட்டி தனியே நின்றால்தான் யோசிக்க வேண்டும். பசுக்கன்று பற்றைக்குள் ஒளிந்து கிடக்கும், தாய் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். குதிரை அப்படி இல்லை, குட்டி எப்போதும் தாயின் காலடியில். தனிக்குட்டி என்றால் ஏதோ நடந்திருக்கிறது. அப்போதும் கிட்டப் போகாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆட்களிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்லுங்கள். முடிந்தால் வாயும் குளம்பும் மடியும் தெரிய தூரத்திலிருந்து படம் எடுங்கள். மோட்டார் சைக்கிளில் கூட்டத்தைச் சுற்றி வளைப்பதும், தலைக்கு மேல் ட்ரோன் விடுவதும், புதிதாக ஈன்ற தாயை அந்த முதல் சில மணி நேரத்தில் குட்டியிலிருந்து பிரித்துவிடப் போதுமானவை.

யாரும் கவனிப்பதில்லையா என்றால், முழுக்க அப்படிச் சொல்வது நியாயமில்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சியில் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுவதும் நடந்திருக்கிறது. என் கருத்து இதுதான். பிறந்த மூன்றாம் நாளில் சாகும் குட்டிக்காக மனிதர் குறுக்கிட வேண்டியதில்லை, அவை தாமாக வாழும் விலங்குகள், எல்லாக் குட்டியும் பிழைத்தால் அந்தத் தீவின் புல் தாங்காது. ஆனால் தாகத்தில் தாய் வற்றுவதை இயற்கை என்று சொல்லிக் கைகழுவ எனக்கு மனம் வரவில்லை. இந்தக் குதிரைகள் தாமாக அங்கே போனவை அல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் இறக்கி, லாயம் கட்டி, தொட்டியில் தண்ணீர் வைத்து வளர்க்கப்பட்டவை. ஆங்கிலேயர் காலத்தில் அந்த வளர்ப்பு கைவிடப்பட்டபோது விட்டுப்போனவற்றின் வழி வந்தவை. லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. நல்ல தண்ணீர்க் கிணறும் கல்வேலியும் மனிதர் கையில், கடல் சுற்றிவர. வேறு இடம் தேடிப் போக அவற்றுக்கு வழியில்லை. செய்வதானால் சித்திரையிலேயே தொடங்க வேண்டும், ஆவணியில் படம் பார்த்துக் கலங்கிய பிறகு அல்ல. தொட்டிகள் ஒரே இடத்தில் ஐந்து இருப்பதைவிட ஐந்து இடத்தில் ஒவ்வொன்று இருப்பது நல்லது. ஒரு கூட்டம் ஒன்றை மறித்தால் மற்றக் கூட்டம் வேறு இடத்துக்குப் போகும், குட்டியோடு நிற்கும் தாயும் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில மணி நேரம், சிலவேளை ஒரு நாள் அல்லது அதற்கும் மேல் அப்படி நிற்கும். முகரும், காலால் தட்டும், கொஞ்சம் மேய்ந்துவிட்டுத் திரும்பி வரும். உடலை உடனே இழுத்து அகற்றினால் அது பல நேரம் கனைத்துக்கொண்டு தேடும், அதனால் விட்டுவிடுவதே நல்லது. பிறகு தானாகவோ ஆண்குதிரை ஓட்டியோ கூட்டத்தோடு சேரும். பால் கொடுக்கும் சுமை நின்றதால் அதன் உடம்பு தேறத் தொடங்கும், இந்தக் கோடையை அது தாண்டுவதற்கான வாய்ப்பு குட்டி இருந்ததைவிடக் கூடிவிட்டது. இவ்வளவு மெலிந்த பெட்டை ஈன்ற கையோடு சினைப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. மழைக்குப் பிறகு, மார்கழியில் சினைப்பட்டால் அடுத்த குட்டி வருகிற ஆண்டு கார்த்திகையில் பிறக்கும். ஆவணிக் கணக்கிலிருந்து அது வெளியே வந்துவிடும். அடுத்த முறை நெடுந்தீவு போவதானால் தை, மாசியில் போங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணம்தான், அப்போது மகளுக்கு உயிரோடு ஓடும் குட்டிகளைக் காட்டலாம்.